வலப்பக்கத்து ஈரம்

உ
சிவமயம்

ஆனைக்கல் தோட்டம்,
கூலிம்.
19 ஏப்ரல் 1942

அன்புள்ள தம்பி செல்வரத்தினத்துக்கு அத்தான் முத்துக்குமாரு எழுதுவது. இவ்விடம் நானும் சுவரில் உள்ள பல்லிகளும் சுகம். உன் சுகமும் உன் மனைவி சிவபாக்கியத்தின் சுகமும், உங்களோடு இருக்கிற உன் அக்கா செல்வநாயகியின் சுகமும் அறிய விரும்புகிறேன்.

இதை மரவள்ளி வியாபாரி அழகேசன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் ஜப்பான்காரன் பிரித்துப் படிப்பான். படித்தால் சிரித்தே செத்துப்போவான், அந்தப் பழி எனக்கு வேண்டாம். நீயும் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடு. மைத்துனன் என்பதற்காக அல்ல, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இத்தனை வருடம் வேலை செய்தவன் என்பதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன்.

மாசி மாதத்தில் அக்காவை உன் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது, வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன தோட்டத்தில் பெண்பிள்ளை இருக்க முடியாது என்று காரணம் சொன்னேன். நீ நம்பவில்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. காரணம் துரையும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. என் மூத்திரம்தான்.

போன கார்த்திகையில் பினாங்கில் என் வயிற்றைக் கீறி பிராஸ்டேட் சுரப்பியை எடுத்தார்கள் அல்லவா? அதற்கு முன் ஒரு சொட்டுக்காக நெடுநேரம் சுவரைப் பார்த்து நிற்பேன். இப்போது நிற்கவே வேண்டியதில்லை. இருமினால் போகிறது, தும்மினால் போகிறது, நாற்காலியை விட்டு எழுந்தால் போகிறது. படுத்தால் கேட்கவே வேண்டாம். சில மாதத்தில் சரியாகிவிடும் என்று சொன்ன டாக்டர் குண்டு விழுமுன் கப்பலேறிவிட்டார். சரியாகவில்லை. காலைப் பெரட்டில் ஆட்கள் முன்னால் நின்று பெயர் கூப்பிடும்போது ஒரு நாள் கால்சட்டை நனைந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அன்றிலிருந்து பெரட்டுக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். வெளியே போயே தீரவேண்டும் என்றால் நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போகிறேன்.

மெத்தை நாறிப்போனதால் தரையில் பாய் போட்டோம். ஒரு விடியற்காலை அவள் என் பாயைக் கழுவக் கொண்டுபோனாள். எனக்கு என்ன வந்ததோ, "இந்த ஈரத்துக்குப் பக்கத்தில் உனக்கு இடமில்லை, போ" என்று கத்தினேன். அவள் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னோடு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இது மாறுமா, மாறாதா? அதை மட்டும் சொல். மாறும் என்றால் நானே வந்து அவளை அழைத்துப்போவேன். மாறாது என்றால் அவள் உன் வீட்டிலேயே இருக்கட்டும். அவளிடம் ஒன்றும் சொல்லாதே.

அன்புள்ள அத்தான்,
முத்துக்குமாரு

*

உ
சிவமயம்

சுங்கை பட்டாணி
3 மே 1942

அன்புள்ள அத்தானுக்கு, இங்கு மூவரும் நலம். அரிசி தவிர மற்ற எல்லாம் கிடைக்கிறது. உங்கள் நலம்தான் கடிதத்தில் தெரிந்துவிட்டது.

முதலில் அந்த நூலை அறுத்து எறியுங்கள். இரத்தம் ஓடாமல் அழுகிப்போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், விவரம் வேண்டாம். அடுத்தது தண்ணீர். குடிக்காமல் இருந்தால் நிற்கும் என்று நினைக்கிறீர்கள். குடிக்காவிட்டால் நீர் கெட்டியாகி மூத்திரப்பையை உறுத்தும், இன்னும் அடிக்கடி வரும். நன்றாகக் குடியுங்கள். கோப்பியை மட்டும் விட்டுவிடுங்கள்.

மாறுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் மாறும். சுரப்பியை எடுக்கும்போது அதைச் சுற்றி இருக்கிற கதவு தளர்ந்துபோகிறது. அதற்குக் கீழே இன்னொரு தசை இருக்கிறது. அதைப் பழக்கினால் அது கதவாக வேலை செய்யும். காற்று பிரியாமல் அடக்குவதுபோல அந்த இடத்தை உள்ளே இழுங்கள். சற்றுப் பிடித்திருந்து மெல்ல விடுங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. யோகக்காரர்கள் மூலபந்தம் என்பது இதுதான். முதலில் படுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று செய்யுங்கள். இருமல் வருகிறது என்று தெரிந்தால் இருமுவதற்கு முன் இறுக்குங்கள். எழுவதற்கு முன்னும் அப்படியே. வருகிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்து நேரத்துக்கு நேரம் போய்விட்டு வாருங்கள். பிறகு அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். படுத்திருக்கும்போதுதான் முதலில் நிற்கும், நடக்கும்போது கடைசியாக நிற்கும். பொறுமை வேண்டும்.

அதுவரை வெளியே போக ஒரு ரப்பர் பை கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவை எல்லாம் போய்விட்டன. ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறவருக்கு நான் சொல்லவா வேண்டும்? தோல் புண்ணாகாமல் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

கடிதத்தை எரிக்க முடியவில்லை. அடுப்படியில் அக்கா பறித்துவிட்டார். படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு அழுதார். "நான் எத்தினை வேட்டி தோச்சுப் போட்டனான் எண்டு இந்த மனுசனுக்குத் தெரியுமோ? நான் ஈரத்துக்குப் பயந்து வந்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறார்" என்கிறார். கீழே அவரே ஒரு வரி எழுதுகிறார்.

அன்புள்ள,
செல்வரத்தினம்

தண்ணி குடியுங்கோ. தம்பி சொல்லுறதைக் கேளுங்கோ. எப்ப வர? — செ.

*

உ
சிவமயம்

ஆனைக்கல் தோட்டம்
31 மே 1942

அன்புள்ள தம்பிக்கு, நலம். உங்கள் மூவர் நலமும் நாடுகிறேன். அக்காவிடம் கடிதத்தைப் பறிகொடுத்த உன் வீரத்தை மெச்சுகிறேன்.

நீ சொன்னதை எல்லாம் செய்கிறேன். ஆளில்லாத ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து பெரிய கிராணி தோட்டக் கணக்கை மும்முரமாக யோசிக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் யோசிப்பது மூலபந்தம். கடிகாரத்தில்தான் தகராறு. ஜப்பான்காரன் எல்லாக் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்கு முன்னால் தள்ளிவிட்டான். என் மூத்திரப்பைக்கு அந்த உத்தரவு வந்து சேரவில்லை. துரை காலத்து நேரப்படிதான் இன்னும் நடக்கிறது.

பையும் தயார். புகைக்கூடத்தில் வேலை செய்த அம்மாசியிடம் ஒரு சிறிய மருந்துப் போத்தலைக் கொடுத்து, அதை ரப்பர்ப் பாலில் முக்கி முக்கிக் காயவைத்து ஒரு பை செய்யச் சொன்னேன்.

"என்னாத்துக்குங்க ஐயா?" என்று கேட்டான்.

"காட்டுத் தேன் ஊத்தி வைக்க."

"இந்தக் காலத்துல தேன் எங்க ஐயா கெடைக்கும்?" என்றவன் பையைப் பார்த்தான், என் வேட்டியைப் பார்த்தான். "சரி, கொஞ்சம் பெரிசாவே செய்றேன்லா" என்று போய்விட்டான். புகை போட்டு, மரவள்ளி மாவு தூவிக் கொண்டுவந்து கொடுத்தான். நன்றாக இருக்கிறது. தொடையில் கட்டிக்கொண்டு நேற்று ஆட்கள் குடியிருக்கும் லயம் வரை நடந்தேன். யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

அக்கா எப்போது வர என்று கேட்கிறாள். இப்போது வேண்டாம். நான் காய்ந்த மனிதனாக ஆகும்வரை அவள் இந்த வாசற்படி ஏறக் கூடாது. இது என் கண்டிப்பான சொல் என்று அவளிடம் சொல். வந்தால் நான் பின்வாசலால் இறங்கிப் போய்விடுவேன்.

அன்புள்ள அத்தான்,
முத்துக்குமாரு

*

உ
சிவமயம்

சுங்கை பட்டாணி
14 ஜூன் 1942

அன்புள்ள அத்தானுக்கு, இங்கு நலம். பை பொருந்தியதில் மகிழ்ச்சி. அதைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் கண்டிப்பான சொல்லை அக்காவிடம் சொன்னேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டார். தன் பழைய சேலையைக் கிழித்து உங்களுக்குத் துணிகள் தைத்து மூட்டை கட்டி வைத்திருக்கிறார். பாலம் உடைந்து கிடக்கிறது, மூடா ஆற்றை இந்த மழையில் படகில் தாண்டுவது நல்லதல்ல என்று பிடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் சீக்கிரம் தேறி வந்தால் என் தலைவலி தீரும்.

அன்புள்ள,
செல்வரத்தினம்

ஆறு வத்தட்டும் எண்டு தம்பி சொல்லுறான். வத்தாட்டிலும் வருவன். — செ.

*

உ
சிவமயம்

ஆனைக்கல் தோட்டம்
28 ஜூன் 1942

அன்புள்ள தம்பிக்கு, நலம். உங்கள் நலம் எழுது.

பகலில் முன்னேற்றம் நன்றாகத் தெரிகிறது. உட்கார்ந்திருக்கும்போது ஒரு சொட்டும் இல்லை. எழும்போது இறுக்க மறந்தால்தான் கொஞ்சம் போகிறது. படுத்திருக்கும்போது முதலில் நிற்கும் என்றாய். நின்றுவிட்டது என்றுதான் சந்தோஷப்பட்டேன். போன வாரத்துக்கு முந்திய வாரம் வெள்ளிக்கிழமை பெரிய மழை பெய்தது அல்லவா, அதற்கு மறுநாள் காலையிலிருந்து பழையபடி ஈரம்.

ஆனால் என் பாயில் இல்லை. பாய்க்கு வலப்பக்கம், வெறும் பலகைத் தரையில். முன்பு அக்காவின் பாய் கிடந்த இடத்தில். ஒரு ஆள் படுத்து எழுந்த அளவுக்கு நனைந்து கிடக்கிறது. தூக்கத்தில் உருண்டு போய்த் திரும்பி வந்திருப்பேன் போல. இந்த வயதில் உருளுகிறேன் என்றால் உடம்பு தேறுகிறது என்றுதானே அர்த்தம்? துடைத்துவிட்டேன். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அன்புள்ள அத்தான்,
முத்துக்குமாரு

*

உ
சிவமயம்

ஆனைக்கல் தோட்டம்
26 ஜூலை 1942

அன்புள்ள தம்பிக்கு, நலம்தானா? அழகேசன் இரண்டு முறை வெறுங்கையோடு வந்துவிட்டான். உன்னைப் பற்றிக் கேட்டால், "டிரெசர் ஐயா கடுதாசி ஒண்ணும் கொடுக்கலைங்க" என்பதற்கு மேல் பேசமாட்டேன் என்கிறான். மூட்டையை இறக்குவதற்குள் கிளம்பிவிடுகிறான்.

ஈரம் நிற்கவில்லை. இதில் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. என்னுடையது சூடாக இருக்கும், நாறும், காய்ந்தால் கறை படியும். உனக்குத் தெரியாததா? இது குளிர்ந்து கிடக்கிறது. கறையே இல்லை. நேற்று துடைக்கும்போது துணியில் மணல் ஒட்டியது. மெல்லிய, சாம்பல் நிறமான மணல். இந்த மலைத் தோட்டத்தில் எல்லாம் செம்மண்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அழுக்குத் துணிகளை வாளியில் ஊறவைத்துவிட்டு மறந்துபோனேன். மத்தியானம் பார்த்தால் கொடியில் காய்கிறது. வீடு கூட்ட வருகிற மருதம்மாள் துவைத்திருப்பாள் என்று அவளிடம் நல்ல வார்த்தை சொன்னேன். "நான் தொடவே இல்லீங்களே ஐயா" என்றாள். அவளுக்கு என் துணியைத் தொட அருவருப்பு என்று எனக்கும் தெரியும். வேட்டியை நான்காக மடித்து இடப்பக்கமாக முறுக்கிப் பிழிந்திருந்தது. அப்படிப் பிழிகிறவள் ஒருத்தியைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

தனியாக இருந்து மண்டை குழம்பிவிட்டதோ என்னவோ. உடனே எழுது.

அன்புள்ள அத்தான்,
முத்துக்குமாரு

*

சுங்கை பட்டாணி
9 ஆகஸ்ட் 1942

அன்புள்ள அத்தானுக்கு, வேலை அதிகம். அதனால் எழுத முடியவில்லை.

பயிற்சியை விடாதீர்கள். நின்றுகொண்டு செய்வதைக் கூட்டுங்கள். படுக்கப்போவதற்கு முன் தண்ணீர் குடிக்க வேண்டாம். தரையில் உள்ள ஈரம் கூரை ஒழுக்காக இருக்கும். ஆளை விட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இடப்பக்கமாக மருதம்மாளும் பிழியலாம்.

அக்காவைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் உடம்புதான் இப்போது முக்கியம். நீங்கள் முழுக்கத் தேறிவிட வேண்டும். வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

செல்வரத்தினம்

*

உ
சிவமயம்

ஆனைக்கல் தோட்டம்
23 ஆகஸ்ட் 1942

அன்புள்ள தம்பிக்கு, நான் நலத்திலும் நலம். நீ நலமாக இல்லை என்று தோன்றுகிறது. போன கடிதத்தில் பிள்ளையார் சுழியும் இல்லை, சிவமயமும் இல்லை. எங்கள் வீட்டுக் கடிதம் சுழியில்லாமல் வந்து நான் பார்த்ததில்லை. அடியில் அக்காவின் ஒரு வரியும் இல்லை. கோபமா? வராதே என்று சொன்னதற்காகவா?

அந்தக் கோபத்தைத் தீர்க்கிற செய்தி இருக்கிறது. தம்பி, நான் காய்ந்துவிட்டேன். போன வாரம் கூலிம் பட்டணத்தில் கிராணிமார் எல்லாரையும் கூப்பிட்டு வெயிலில் நிறுத்திவைத்தார்கள். ஜப்பான் அதிகாரி பேசினான், வணங்கச் சொன்னான், நிமிரச் சொன்னான், மறுபடி வணங்கச் சொன்னான். குனிவதற்கு முன் இறுக்கினேன், நிமிர்வதற்கு முன் இறுக்கினேன். பக்கத்தில் நின்ற இளவட்டம் ஒருவன் பயத்தில் நனைத்துவிட்டான். நான் நனைக்கவில்லை. பை கட்டாமல்தான் போயிருந்தேன். திரும்பும்போது கோயிலுக்குள் போய் ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்தேன். எத்தனை மாதமாகிவிட்டது! யாரும் நகர்ந்து உட்காரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கூரையைப் பார்த்தாயிற்று. அம்மாசி ஏறிப் பார்த்து, "ஒரு ஓட்டை இல்லீங்க ஐயா" என்றான். சோதனைக்காக ஒரு நாள் பையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் பை பொரித்த அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது. பாயும் காய்ந்து கிடந்தது. வலப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. ஆகவே அது என்னுடையது இல்லை. இத்தனை நாள் என்னுடையது என்று நினைத்து வெட்கப்பட்டுத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முகர்ந்து பார்த்தேன். ஆற்றுச் சேறு வாசனை.

நேற்றுக் காலை மருதம்மாள் விளக்குமாற்றோடு வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"அம்மா எப்ப வந்தாங்க ஐயா? சொல்லவே இல்லையே."

"எந்த அம்மா?"

"நம்ம அம்மாதான். இந்தா, படியில ஈரக்கால் வச்சு ஏறிருக்காங்க பாருங்க. பொம்பளக் காலுதானே இது?"

பார்த்தேன். ஏறிய தடம்தான் இருந்தது, இறங்கிய தடம் இல்லை. நான் குளித்துவிட்டு ஏறியது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் தன் காலைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, கூட்டாமலே போய்விட்டாள்.

எனக்குப் பயமாக இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். அடுத்த மாதம் நானே புறப்பட்டு வந்து அக்காவை அழைத்துப்போகிறேன். அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும். முன்கூட்டிச் சொல்லிவை.

அன்புள்ள அத்தான்,
முத்துக்குமாரு

*

சுங்கை பட்டாணி
6 செப்டம்பர் 1942

அத்தானுக்கு, வர வேண்டாம். ஆறு பெருகியிருக்கிறது. வழியில் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்றும் கேள்வி.

நான் ஆஸ்பத்திரிக்காரன், இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். இத்துடன் விபூதி வைத்திருக்கிறேன். வாசற்படியிலும் பின்படியிலும் போடுங்கள். அந்த ஈரத்தைக் கையால் தொடாதீர்கள். படியில் யார் கூப்பிட்டாலும், தெரிந்த குரலாக இருந்தாலும், பதில் சொல்லாதீர்கள். முடிந்தால் அம்மாசி வீட்டில் போய்ப் படுங்கள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

செல்வரத்தினம்

*

சுங்கை பட்டாணி
4 அக்டோபர் 1942

மதிப்புக்குரிய அண்ணை அவர்களுக்கு, சிவபாக்கியம் எழுதுவது. மூலையில் கறுப்பு மை தடவியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் மைத்துனர் நாலு தரம் பேனை எடுத்து நாலு தரமும் வைத்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

மச்சாள் இப்போது இல்லை. ஆனி மாதம் அந்தப் பெரிய மழை பெய்த வெள்ளிக்கிழமை, இவர் வேலைக்குப் போனபிறகு, நான் கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்துப் புறப்பட்டுவிட்டா. துணி மூட்டையையும் பாயையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறா. "அவர் காஞ்ச பிறகு நான் போய் என்ன பிரயோசனம், இப்பதானே ஆள் வேணும்" என்று அதற்கு முதல் நாள் என்னிடம் சொன்னவ. நான் அதைச் சும்மா பேச்சு என்று நினைத்தேன். மூடா ஆற்றில் நடுவில் படகு கவிழ்ந்தது. படகுக்காரனும் மற்ற இரண்டு பேரும் கரையேறிவிட்டார்கள். மச்சாளை இரண்டாம் நாள் ஆற்று முகத்துவாரத்தில் கோத்தா கோலா மூடா மீன்பிடிகாரர் கண்டெடுத்தார்கள். மூட்டையைக் கையில் சுற்றியிருந்தாவாம், அவிழ்க்க முடியவில்லையாம். இவர் போய்ப் பார்த்து, அங்கேயே தகனம் செய்துவிட்டு வந்தார்.

உங்களிடம் மறைக்கவேண்டும் என்று எங்களுக்கு ஆசையா? "அத்தான் இப்பதான் தேறி வாறார். சொன்னா எல்லாத்தையும் விட்டிடுவார், தண்ணியும் குடியார், செத்துப்போவார். தேறட்டும், பிறகு சொல்லுவம்" என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதமும் இவர் பொய் எழுதியதுதான். நீங்கள் ஈரம் என்றும் மணல் என்றும் எழுதின கடிதத்தைப் படித்த நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது வேலைக்கும் போவதில்லை.

கொள்ளி வைக்கவேண்டியவர் நீங்கள். பிள்ளையில்லாத வீடு, வேறு யார் இருக்கிறார்கள்? இவர் வைத்தார். முப்பத்தொன்றாம் நாள் கிரியை செய்யக் கேட்டபோது, கணவன் உயிரோடு இருக்க அவருக்குத் தெரியாமல் செய்தால் சேராது, அவர் வந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கும்வரை ஆத்மா போகாது என்று ஐயர் சொல்லிவிட்டார். அண்ணை, அதனால்தான் மச்சாள் இப்படி நனைந்த சீலையோடு அலைகிறா. நீங்கள் வாருங்கள். அந்தியேட்டிக் கிரியையைச் செய்து அனுப்பிவைப்போம். உங்களுக்கும் நிம்மதி, மச்சாளுக்கும் நிம்மதி.

உங்கள் சகோதரி,
சிவபாக்கியம்

*

ஆனைக்கல் தோட்டம்
18 அக்டோபர் 1942

அன்புள்ள தங்கச்சி சிவபாக்கியத்துக்கும் தம்பி செல்வரத்தினத்துக்கும்,

கடிதம் கிடைத்தது. வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். அழுத அழுகையில் இத்தனை மாதப் பயிற்சியும் போய் வேட்டி நனைந்தது. அது நனைந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

தம்பி, நீ வேலைக்குப் போ, சாப்பிடு. நீ சொன்னது சரி. ஆனி மாதத்திலேயே தெரிந்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். உன் பொய்யால்தான் இன்று நடமாடுகிறேன். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம் எல்லாம், போ என்று கத்திய வாய்மேல்தான்.

நீங்கள் கூப்பிட்டபடி புறப்பட்டேன். பாடாங் செராய் தாண்டி ஆற்றங்கரை வரை வந்தேன். எள்ளும் பையில் இருந்தது. படகுக்காரன் ஏறச் சொன்னான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். இந்த ஆற்றைத் தாண்டி அவள் வந்திருக்கிறாள். இந்த வாசற்படி ஏறக் கூடாது என்று நான் சொன்ன வீட்டுக்கு வந்தே விட்டாள். ஏறின தடம்தான் இருந்தது என்று எழுதினேனே, இன்றுவரை இறங்கவில்லை. அவளைப் பார்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்து இரண்டாம் தரம் போ என்று எப்படிச் சொல்வேன்? எள்ளை ஆற்றில் கொட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ அனுப்பிய விபூதியை நெற்றிக்குத்தான் பூசுகிறேன், படியில் போடவில்லை. ஐயர் கேட்டால், முத்துக்குமாருவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

மருதம்மாளை நிறுத்திவிட்டேன். காலையில் வலப்பக்கத்தை நானே துடைக்கிறேன். இத்தனை மாதம் அவள் எனக்குச் செய்தாள், இப்போது நான் செய்கிறேன். முகம் சுளிக்கத் தோன்றவில்லை. நேற்று மத்தியானம் மழை பெய்துகொண்டிருந்தது. பாயைவிட்டு நகர்ந்து அந்த ஈரப் பலகையிலேயே படுத்துப் பார்த்தேன். முதலில் எலும்பு வரை குளிர்ந்தது. பிறகு பழகிவிட்டது. ஈரமாக இருக்கிற ஒருவர் பக்கத்தில் படுத்துக்கிடப்பது இவ்வளவு லேசான காரியம் என்று எனக்கு மாசி மாதத்தில் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அவளை வாய் திறக்கவே விடவில்லை.

பயிற்சியை விடவில்லை. அவளுக்குத் துவைக்க வேலை வைக்கக் கூடாது அல்லவா?

எங்களைப் பற்றி நீங்கள் இனிக் கவலைப்பட வேண்டாம். அழகேசன் அடுத்த முறை வரும்போது மலாய்க்காரர் முடைகிற பெரிய மெங்குவாங் பாய் ஒன்று வாங்கி அனுப்பு. அவளுடைய பாய் ஆற்றோடு போய்விட்டது. நான் படுப்பது ஒற்றைப் பாய், இரண்டு பேருக்குக் காணாது.

அன்புள்ள அத்தான்,
முத்துக்குமாரு